வெறும் வயிற்றில் காலை நடை

சில ஆண்டுகளுக்கு முன் மத்திய மும்பையின் பூங்கா ஒன்றில், காலை ஆறரை மணியளவில், பெரியவர் ஒருவர் நடைபாதையோர இருக்கையில் சரிந்து கிடந்தார். அவருடைய சட்டை முழுவதும் வியர்வையில் நனைந்திருந்தது. அருகில் சென்று விசாரித்தவர்களுக்கு அவர் சொன்ன பதில் ஒன்றும் விளங்கவில்லை, நாக்கு குழறியது. கை கொடுத்துத் தூக்க முயன்றவரைக் கோபத்துடன் தள்ளிவிட்டார். "பியேலா ஹை" என்று ஒருவர் இந்தியில் கூறினார். குடித்திருக்கிறாராம்! கூடியிருந்தவர்கள் முகம் சுளித்து விலகிச் சென்றார்கள். நெல்லைச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி இந்நகருக்கு வந்து, நாற்பது ஆண்டுகளாக மதுவைத் தொட்டறியாதவர் அவர். ஞாயிறுதோறும் சபையின் வாசலில் நின்று, வருகிறவர் அனைவரையும் கைகுலுக்கி வரவேற்பவர்.

பூங்காவின் வாயிலில் தேநீர் விற்கும் இளைஞன் மட்டும் விலகிச் செல்லவில்லை. அவனுடைய தாயாருக்கும் சர்க்கரை நோய் உண்டு. இதே வியர்வையையும் இதே குழறலையும் அவன் தன் வீட்டில் கண்டிருக்கிறான். ஒரு குவளை நீரில் நான்கு கரண்டி சர்க்கரையைக் கரைத்து, பெரியவர் விழுங்குகிறாரா என்று பார்த்துப் பார்த்து, சிறிது சிறிதாகப் புகட்டினான். கால் மணி நேரத்தில் அவர் எழுந்து உட்கார்ந்து, "எனக்கு என்ன ஆயிற்று?" என்று தமிழில் கேட்டார்.

அன்று காலை அவர் செய்தது இவ்வளவுதான். நான்கரை மணிக்கு எழுந்து ஜெபித்தார். மருத்துவர் "சாப்பாட்டுக்கு முன்" என்று எழுதிக் கொடுத்திருந்த சர்க்கரை மாத்திரையைத் தண்ணீருடன் விழுங்கினார். வெறும் வயிற்றில் நடந்தால்தான் பலன் என்று யாரோ சொன்னதை நம்பி, ஒன்றும் உண்ணாமல் ஒரு மணி நேரம் விறுவிறுவென நடந்தார்.

பிரியமான வாசகர்களே, உண்டுவிட்டு நடப்பதா, நடந்துவிட்டு உண்பதா என்னும் கேள்வி மிகச் சிறியதாகத் தோன்றலாம். பூங்காக்களில் இதைப் பற்றி நடக்கும் விவாதங்களைக் கேட்டால், உலகில் இதைவிடப் பெரிய கேள்வி வேறு இல்லையோ என்றும் தோன்றும்! இரு சாராரும் தங்கள் கட்சியில் மிகுந்த உறுதியுடன் இருக்கிறார்கள். இதற்கு எல்லாருக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. உங்களுக்குரிய பதில், நீங்கள் எவ்வளவு நேரம், எவ்வளவு வேகமாகப் பயிற்சி செய்கிறீர்கள் என்பதையும், அதைவிட முக்கியமாக, எந்த மாத்திரையை உட்கொள்கிறீர்கள் என்பதையும் பொறுத்தது.

இரவெல்லாம் விழித்திருக்கும் கல்லீரல்

நாம் உறங்கும்போது மூளை உறங்குவதில்லை. அதற்கு மணிக்கு ஏறத்தாழ 5 கிராம் குளுக்கோஸ் தேவை. இரவு ஒன்பது மணிக்கு உண்டு படுத்தவர் காலை ஐந்து மணிக்கு எழுகிறார் என்றால், அந்த எட்டு மணி நேரத்தின் பிற்பகுதியில் அவருடைய மூளைக்கு உணவளிப்பது கல்லீரல்தான். நன்கு உண்ட ஒருவரின் கல்லீரலில் சுமார் 100 கிராம் அளவுக்குச் சர்க்கரை, கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கப்பட்டிருக்கும். விடியும்போது அதில் பெரும்பகுதி செலவாகியிருக்கும்.

அப்படியானால் காலையில் எழுந்தவுடன் நடப்பதற்கு உடலில் வலு இராதே என்று எண்ணவேண்டாம். தசைகளுக்கென்று தனிச் சேமிப்பு உண்டு. அது ஏறத்தாழ 400 கிராம். உறக்கத்தில் அது பெரிதாகக் குறைவதில்லை. ஆனால் தசை தன் சேமிப்பைத் தானே பயன்படுத்திக்கொள்ளுமேயன்றி, இரத்தத்துக்குத் திருப்பித் தராது. கால்களில் வலு இருக்கும்போதே தலை சுற்றுவது இதனால்தான். கல்லீரல் என்னும் பொதுக் களஞ்சியம் குறைந்திருக்கையில், கால்களின் சொந்தக் களஞ்சியம் நிறைந்திருப்பதால் மூளைக்கு ஒரு பயனும் இல்லை.

நலமுள்ள உடலில் இந்நிலை ஆபத்தாக மாறுவதில்லை. இரத்தச் சர்க்கரை குறையத் தொடங்கியவுடன் கணையம் இன்சுலினைக் குறைத்துக்கொள்ளும். வேறு சுரப்புகள் கல்லீரலைத் தூண்டிப் புதிய சர்க்கரையை உண்டாக்கச் செய்யும். உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். ஆகவே சர்க்கரை நோயோ, வேறு நோய்களோ இல்லாத ஒருவர் அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் நடப்பதற்கு முன் ஒன்றும் உண்ணவேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு குவளை தண்ணீர் போதும். இரவெல்லாம் மூச்சிலும் வியர்வையிலும் நீர் வெளியேறியிருக்கும். சென்னையைப் போலவே புழுக்கமுள்ள மும்பையில் இது இன்னும் அதிகம். அந்தத் தண்ணீரை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

வெறும் வயிற்றில் நடந்தால் சிலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் உண்டாகும். அவர்கள் ஏதேனும் சிறிது உண்டுவிட்டுச் செல்வதில் ஒரு குறையும் இல்லை.

கொழுப்பு கரையும் என்பது உண்மையா?

"காலியான வயிற்றுடன் நடந்தால் கொழுப்பு அதிகம் கரையும்" என்பது பூங்கா நண்பர்களின் வலிமையான வாதம். இதில் பாதி உண்மை இருக்கிறது. உண்ணாமல் பயிற்சி செய்யும் அந்த நேரத்தில், உடல் கொழுப்பைச் சற்று அதிகமாகவே எரிக்கிறது. ஆனால் உடல் ஒரு மணி நேரத்துக்குக் கணக்கு எழுதுவதில்லை. நாள் முழுவதற்கும் எழுதுகிறது. காலையில் கொழுப்பை அதிகம் எரித்தால், மற்ற வேளைகளில் அதைக் குறைத்து ஈடுசெய்துகொள்கிறது.

2014-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிராட் ஷோன்ஃபெல்ட் என்பவரும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். இருபது இளம்பெண்களை இரு குழுக்களாகப் பிரித்து, நான்கு வாரங்கள், வாரத்துக்கு மூன்று நாட்கள், ஒரு மணி நேரம் பயிற்சி செய்யச் செய்தார்கள். ஒரு குழுவினர் உண்ணாமலும், மற்றக் குழுவினர் உண்ட பின்பும் பயிற்சி செய்தார்கள். இரு குழுவினருக்கும் அளவான உணவே கொடுக்கப்பட்டது. முடிவில் இரு குழுவினரும் எடையும் கொழுப்பும் குறைந்திருந்தார்கள்; இரு குழுக்களுக்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இது சிறிய ஆய்வுதான். எனினும் வெறும் வயிறு என்பது எடை குறைக்கும் மந்திரம் அன்று என்பதை இது காட்டுகிறது.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். அரை மணி நேர நடையில் செலவாவது ஏறத்தாழ 100 முதல் 150 கலோரி. நடந்து களைத்துப் பசியுடன் வெளியே வந்தவுடன் வாயிலில் மணக்கும் ஒரு வடாபாவில் அதைப்போல் இரு மடங்கு இருக்கிறது. பெங்களூரு லால்பாக்கில் மூன்று சுற்று சுற்றிவிட்டு நேராக நெய் தோசைக்குச் செல்லும் அன்பர்கள் என்மீது வருத்தம் கொள்ளவேண்டாம். தோசை சுவையானது என்பதை நான் மறுக்கவில்லை. வெறும் வயிற்றில் நடந்தவருக்கு அந்தத் தோசை ஒன்றுடன் நிற்பதில்லை என்பதே என் வருத்தம்.

நம் பாட்டனார் என்ன செய்தார்?

"நம் முன்னோர்கள் விடியுமுன் எழுந்து, ஒன்றும் உண்ணாமல்தானே வயலுக்குப் போனார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. தென்மாவட்டங்களில் வளர்ந்தவர்கள் சற்று நினைவுகூர்ந்து பாருங்கள். வயலுக்குச் செல்பவர் ஒரு செம்பு நீராகாரத்தைக் குடித்துவிட்டுச் சென்றார். முந்தின இரவின் சோற்றில் ஊறிய அந்த நீரில் மாவுச்சத்தும், போட்ட உப்பும், வேண்டிய அளவு தண்ணீரும் இருந்தன. பனைத்தொழில் செய்தவர் கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டுச் சென்றார். கருப்பட்டியும் சர்க்கரைதான். பின்னர் எட்டு, ஒன்பது மணிக்குப் பழைய சோறு வயலுக்கே வந்து சேர்ந்தது. கடும் உழைப்புக்கு முன் இலகுவான ஏதோ ஒன்று, உழைப்பின் நடுவே நல்ல உணவு. இன்று விளையாட்டு வீரர்களுக்குச் சொல்லப்படும் முறையும் ஏறக்குறைய இதுதான்.

நகரத்துக்கு வந்தபின் நீராகாரம் போய்விட்டது, தேநீர் வந்துவிட்டது. "நான் ஒன்றும் சாப்பிடாமல்தான் நடக்கிறேன், தேநீர் மட்டும்தான்" என்று பலர் கூறுகிறார்கள். பாலும் இரண்டு கரண்டி சர்க்கரையும் சேர்ந்த தேநீர் உணவேயன்றி வேறென்ன? நலமுள்ளவர் அதைக் குடித்துவிட்டு நடப்பதில் தவறில்லை. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு மட்டும் வெறும் வயிற்றில் குடிக்கும் தேநீர் தொல்லை தரலாம்.

கடுமையான பயிற்சி செய்பவர்களின் காரியம் வேறு. ராணுவத் தேர்வுக்காக 1600 மீட்டர் ஓட்டம் பழகும் நம் பிள்ளைகளும், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுபவர்களும், கால்பந்து ஆடுபவர்களும் அரை மணி நேரத்துக்கு முன் ஒரு வாழைப்பழமோ, இரண்டு பேரீச்சம்பழமோ உண்டுவிட்டுச் செல்வது நல்லது. வேகம் கூடக்கூட உடல் கொழுப்பைவிடச் சர்க்கரையையே அதிகம் கேட்கும். இரண்டு இட்லி உண்டால் ஒரு மணி நேரமாவது பொறுக்கவேண்டும். வயிறு நிறைய உண்டவர் இரண்டு, மூன்று மணி நேரம் பொறுக்கவேண்டும். இல்லையேல் செரிமானத்துக்குச் செல்லவேண்டிய இரத்தம் கால்களுக்குச் சென்று, வயிற்றுப் பிடிப்பும் எதுக்களிப்பும் உண்டாகும். இருதய நோய் உள்ளவர்கள் வயிறு நிறைய உண்டவுடன் வேகமாக நடக்கலாகாது. அந்நேரத்தில் நெஞ்சுவலி எளிதில் தூண்டப்படும்.

பூங்காவுக்கே செல்லாத ஒரு கூட்டத்தாரையும் இங்கே நினைக்கவேண்டும். நான்கரை மணிக்குக் குழாயில் தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளுக்கும் கணவருக்கும் டப்பா கட்டி, ஏழு மணி ரயிலுக்காக இருபது நிமிடம் விரைந்து நடந்து, பெட்டியில் நின்றுகொண்டே பயணம் செய்து, பதினோரு மணிக்கு முதல் கவளத்தை வாயில் வைக்கும் நம் சகோதரிகள் இருக்கிறார்கள். அவர்கள் செய்வதும் வெறும் வயிற்று உடற்பயிற்சிதான். அதற்கு யாரும் அப்படிப் பெயர் வைப்பதில்லை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. சகோதரியே, எல்லாருக்கும் டப்பா கட்டும் உங்கள் கை, உங்களுக்கென்று ஒரு வாழைப்பழத்தையும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையையும் எடுத்துப் பையில் வைக்கட்டும். வீட்டிலுள்ள ஆண்களே, அதை எடுத்து வைக்க உங்களுக்கும் கைகள் உண்டு. கர்ப்பமாயிருப்பவர்கள் நெடுநேரம் உண்ணாமல் நடப்பதை அறவே தவிர்க்கவேண்டும்.

மாத்திரை முதலா, நடை முதலா?

இனி, பூங்காவில் சரிந்து கிடந்த பெரியவரிடம் திரும்புவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. கிராமங்களைவிட நகரங்களில் இது அதிகம். ஊரை விட்டு நகரத்துக்கு வந்த நம் குடும்பங்களில், மாத்திரை டப்பா இல்லாத வீட்டைக் காண்பது அரிதாகிவிட்டது. ஆனால் தம் மாத்திரையின் பெயரை அறிந்தவர்கள் எத்தனை பேர்? "வெள்ளையாக, சிறியதாக இருக்கும்" என்பார்கள். அன்பானவர்களே, இதைப் படித்து முடித்தவுடன் அந்த அட்டையை எடுத்துப் பாருங்கள். விற்பனைப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும்.

அங்கே மெட்ஃபார்மின் என்று மட்டும் இருந்தால் அச்சப்படவேண்டியதில்லை. அது தனியாக உட்கொள்ளப்படும்போது சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்துவது மிக அரிது. கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு ஆகிய பெயர்களில் ஒன்று இருந்தால் நிலைமை வேறு. இவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. வயிற்றில் உணவு இருக்கிறதா, கால்கள் நடந்துகொண்டிருக்கின்றனவா என்று இவை பார்ப்பதில்லை. மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடைச் சேர்த்து ஒரே மாத்திரையாகவும் விற்கிறார்கள். ஆகவே அட்டையிலுள்ள இரண்டு பெயர்களையும் படிக்கவேண்டும். இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

நலமுள்ளவரின் உடலில் சர்க்கரை குறைந்தால் இன்சுலின் தானே அடங்கிவிடும் என்று மேலே கண்டோம். இந்த மாத்திரையோ ஊசியோ உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும்போது அப்படி அடங்குவதில்லை. நடக்கும் தசைகளோ இன்னும் வேகமாகச் சர்க்கரையை உறிஞ்சுகின்றன. இரவில் பாதிக்கு மேல் தீர்ந்துபோன கல்லீரல் இந்த இரண்டுக்கும் எப்படி ஈடுகொடுக்கும்?

"சாப்பாட்டுக்கு முன்" என்று மருத்துவர் எழுதினால், சாப்பாடு உடனே பின்தொடரவேண்டும் என்பது அதன் பொருள். கிளிமிபிரைடு முதல் வேளை உணவோடு சேர்த்து உட்கொள்ளவேண்டிய மாத்திரை. நம்மில் பலரோ எழுந்தவுடன் விழுங்கிவிட்டு, பூங்காவைச் சுற்றி, நண்பர்களுடன் பேசி, பால் வாங்கி, எட்டரை மணிக்கு இட்லி தட்டின் முன் அமர்கிறோம். இடையில் மூன்று மணி நேரம் ஓடிவிடுகிறது! முதலில் நடை, பிறகு வீட்டுக்கு வந்து மாத்திரையும் உணவும் என்று வரிசையை மாற்றிக்கொண்டாலே பெரும்பாலானவர்களின் ஆபத்து வெகுவாகக் குறையும். மாற்றுவதற்கு முன் உங்கள் மருத்துவரிடம், "நான் காலை இத்தனை மணிக்கு இவ்வளவு நேரம் நடக்கிறேன்" என்று சொல்லுங்கள். நாம் எப்போது நடக்கிறோம் என்பதை நாமாகச் சொன்னாலன்றி, கூட்டம் நிறைந்த மருத்துவமனைகளில் அதைக் கேட்க அவர்களுக்கு நேரம் வாய்ப்பதில்லை.

இரவில் போடும் இன்சுலினும் காலை வரை வேலை செய்யும். ஆகவே ஊசி போடுபவர்கள் வீட்டில் குளுக்கோமீட்டர் வைத்திருந்தால், நடைக்குப் புறப்படுமுன் ஒரு சொட்டு இரத்தத்தைச் சோதிப்பது நன்று. 90-க்குக் கீழே இருந்தால் 15 முதல் 30 கிராம் மாவுச்சத்து உட்சென்ற பிறகே புறப்படவேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழம் அந்த அளவுக்குள் அடங்கும். 70-க்குக் கீழே இருந்தால் அன்று முதலில் சர்க்கரையைச் சரிசெய்யவேண்டும், நடை பிறகு. சிலருக்கு விடியற்காலையில் சுரக்கும் வேறு சுரப்புகளால் சர்க்கரை உயர்ந்தே இருக்கும். "எனக்கு எப்போதும் காலையில் அதிகம்தான்" என்று அவர்கள் சோதிக்காமல் இருந்துவிடுவதும் உண்டு. எப்போதும் என்பது எல்லா நாளும் அன்று.

ஆய்வுக்கூடத்தில் வெறும் வயிற்றுச் சோதனைக்குச் செல்லும் நாளிலும் இதே தவறு நடக்கிறது. மாத்திரையை விழுங்கிவிட்டு, "நடந்தே போய்விடலாம்" என்று சென்று, வரிசையில் ஒரு மணி நேரம் நிற்பவர்கள் உண்டு. அன்று மாத்திரை சோதனைக்குப் பின், உணவுடன். நடையும் பின்னர்தான்.

நடப்பதற்குக் காலை வேளைதான் உகந்தது என்ற கட்டளையும் எங்கும் இல்லை. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தினர் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 41 பேரைக் கொண்டு நடத்தி, 2016-இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு ஒருமுறை அரை மணி நேரம் நடப்பதைவிட, ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும் பத்து நிமிடம் நடந்தபோது, உணவுக்குப் பிந்தைய சர்க்கரை சராசரியாக 12 விழுக்காடு குறைந்திருந்தது. இரவு உணவுக்குப் பின் நடந்ததில் பலன் இன்னும் கூடுதல். பத்து நிமிட மென்னடைக்கு வயிறு இடையூறு செய்வதில்லை. ஒற்றை அறை வீட்டில் வாழ்பவரும் உண்டபின் தெருமுனை வரை சென்று திரும்பலாம். தில்லியில் வாழும் நம் மக்களுக்கு இது இன்னும் பொருத்தம். அங்கே நவம்பர் முதல் ஜனவரி வரை விடியற்காலையில் புகையும் பனியும் தரையோடு படிந்து நிற்கும். வெயில் ஏறி, காலை உணவு முடிந்தபின் நடப்பது நுரையீரலுக்கும் நல்லது, சர்க்கரைக்கும் நல்லது.

உபவாச நாளில்

நம்மிடையே சற்றுத் தயக்கத்துடன் பேசப்படும் காரியம் ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வருகிறவர்களில் சிலர் அன்று காலையும் வழக்கம்போல் மாத்திரை விழுங்கி, வழக்கம்போல் நடந்துவிட்டு, மாலை வரை உண்ணாமல் இருக்கிறார்கள். முழு இரவு ஜெபம் முடிந்து விடியற்காலையில் அப்படியே பூங்காவுக்குச் செல்கிறவர்களும் உண்டு. கடும் நடையின் விளைவாகப் பல மணி நேரம் கழித்தும் சர்க்கரை தாழக்கூடும் என்பதை இவர்கள் அறிந்திருப்பதில்லை. மேலே சொன்ன மாத்திரைகளை உட்கொள்பவரும் இன்சுலின் போடுபவரும், உபவாசிக்கலாமா, அன்று மருந்தின் அளவு என்ன என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டறியவேண்டும். தாமாக இன்சுலினை நிறுத்துவதும் தவறு. உண்ணாமல் முழு அளவு போடுவதும் தவறு. உபவாச நாளில் நடைப்பயிற்சியை விட்டுவிடுவதோ, உடல் நடுங்கும்போது உபவாசத்தை அங்கேயே முடித்து ஒரு குவளை சர்க்கரை நீர் பருகுவதோ விசுவாசக் குறைவன்று. போதகரிடம் இதை மறைக்கவேண்டிய அவசியமும் இல்லை.

பூங்கா வாயில்களில் விற்கும் பச்சைச் சாறுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாகற்காய்ச் சாறு சர்க்கரையைச் சற்றுத் தாழ்த்தக்கூடியது. மாத்திரை விழுங்கியவர் வெறும் வயிற்றில் அதையும் குடித்து, நடையும் நடந்தால் மூன்று சுமைகள் ஒன்றாகச் சேர்கின்றன. சுரைக்காய்ச் சாறு இன்னும் கவனிக்கத்தக்கது. 2010-ஆம் ஆண்டு தில்லியில் கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்த விஞ்ஞானி ஒருவர் உயிரிழந்தார். அதன்பின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த நிபுணர் குழு, சுரைக்காய்ச் சாறு கசந்தால் குடிக்காமல் கொட்டிவிடவேண்டும் என்று எச்சரித்தது. பாகற்காயோடு கலந்து கொடுத்தால் எந்தக் கசப்பு எதனுடையது என்று நாக்குக்கு எப்படித் தெரியும்?

சட்டைப்பையில் இருக்கவேண்டியவை

சர்க்கரை தாழும்போது உடல் முதலில் சில அடையாளங்களைக் காட்டும்: திடீர் வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, கடும் பசி. அப்போது "இன்னும் ஒரு சுற்று முடித்துவிடுகிறேன்" என்று நடப்பது பெரும் பிழை. மேலும் தாழ்ந்தால் பார்வை மங்கும், பேச்சு குழறும், காரணமில்லாத கோபம் வரும். இந்நிலையில்தான் பார்ப்பவர்கள் குடிவெறி என்று எண்ணிவிடுகிறார்கள். இரத்த அழுத்தத்துக்காகவோ இருதயத்துக்காகவோ பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை உட்கொள்பவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம்; அவர்களுக்கு வியர்வைதான் முக்கிய அடையாளம். காலை நடையில் வியர்ப்பது இயல்பு என்று அதையும் தள்ளிவிடும் அபாயம் உண்டு.

உடனே உட்கார்ந்து, மூன்று அல்லது நான்கு தேக்கரண்டி சர்க்கரையோ குளுக்கோஸ் தூளோ உட்கொள்ளவேண்டும். அது ஏறத்தாழ 15 கிராம். பதினைந்து நிமிடம் கழித்தும் தெளியவில்லையானால் மீண்டும் அதே அளவு. தெளிந்தபின் பிஸ்கட்டோ இட்லியோ உண்ணவேண்டும். முதலிலேயே பிஸ்கட் உண்டால், அதன் உறையில் குளுக்கோஸ் என்று எழுதியிருந்தாலும், மாவும் கொழுப்பும் கலந்திருப்பதால் சர்க்கரை இரத்தத்தில் ஏறத் தாமதமாகும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றலாகாது, மூச்சுக்குழலுக்குள் சென்றுவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆம்புலன்ஸை அழைக்கவேண்டும். மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் 108, நாடெங்கும் 112.

ஊரில் விழுந்தால், நாம் இன்னார் மகன் என்று அறிந்தவர் தெருவுக்கு நான்கு பேர் இருப்பார்கள். இங்கே நம்மை அறிந்தவர் இல்லை. நினைவு தடுமாறும்போது நாம் பேசுவது தாய்மொழியைத்தான், அதைப் புரிந்துகொள்பவரும் அருகில் இல்லாமல் போகலாம். ஆகவே ஒரு சிறிய அட்டையில், நீங்கள் வாழும் நகரத்தின் மொழியில், "எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. நான் தடுமாறினால் குடித்திருக்கவில்லை. விழுங்க முடிந்தால் சர்க்கரை தாருங்கள்" என்று எழுதி, வீட்டாரின் கைபேசி எண்ணையும் சேர்த்துச் சட்டைப்பையில் வையுங்கள். மும்பையில் மராத்தியும் இந்தியும், பெங்களூருவில் கன்னடமும், தில்லியில் இந்தியும் போதும். அதே பையில் ஒரு பொட்டலம் சர்க்கரை.

நம் பெரியவர் இப்போது அப்படித்தான் நடக்கிறார். மருத்துவரிடம் கேட்டு, மாத்திரையை நடைக்குப் பிந்திய காலை உணவோடு மாற்றிக்கொண்டார். புறப்படுமுன் ஒரு சிறிய வாழைப்பழம். அவருடைய சட்டைப்பையிலுள்ள அட்டையை இந்தியில் எழுதிக் கொடுத்தவன் அந்தத் தேநீர்க்கார இளைஞன். ஒவ்வொரு நாளும் நடை முடிந்து வாயிலுக்கு வரும்போது, "சாச்சா, பை இருக்கிறதா?" என்று அவன் கேட்கிறான், இவர் சட்டைப்பையைத் தட்டிக் காட்டிவிட்டு, சர்க்கரை இல்லாத தேநீரைக் கையில் வாங்கிக்கொள்கிறார்.